நவம்பர் இரண்டாம் தேதி விற்ற மெஷின்

நவம்பர் 16, ஞாயிறு

தளம் கழுவும் பிரஷர் வாஷரை மாற்ற வேண்டும். இரண்டு வாரம்தான் இருக்கிறது. முப்பதாம் தேதி பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். நாங்கள் போய்ப் பெண்ணைப் பார்த்தாயிற்று. இனி அவர்கள் வேன் பிடித்து முப்பது பேராக வந்து, எத்தனை பாத்ரூம், கிணற்றில் எவ்வளவு தண்ணீர், களத்தில் எத்தனை லோடு தேங்காய் என்று கண்ணாலேயே அளந்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் கைவிட்டுப் பேசுவதை இங்கே இலை போட்டுப் பேசுகிறோம். மார்கழி பிறந்தால் எதுவும் பேச முடியாது என்பதால் எல்லாம் அவசரம்.

மழையில் காம்பவுண்டுத் தளம் முழுக்கப் பாசி. "வர்ற ஒறம்பரைல ஒருத்தர் வழுக்கி உழுந்தாப் போதும், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க" என்று அப்பா ஒரு வாரமாகப் பாசியை மட்டும்தான் பேசுகிறார்.

இன்று காலை பத்து மணிக்குக் கழுவ ஆரம்பித்தோம். நானும் மயிலண்ணனும். முழுப்பெயர் மயில்சாமி. அப்பாவின் களத்தில் தேங்காய் உரிக்கிறவர். தரையில் நட்ட இரும்புக் கம்பியின் முனையில் காயைக் குத்தி, இரண்டு கையாலும் திருகி, ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் உரிப்பார். ஞாயிறு என்றால் எங்கள் வீட்டு வேலைக்கு வரவேண்டும். இதற்குக் கூலி கிடையாது, மதியச் சோறு உண்டு. அதுவும் வேப்பமரத்தடியில், அவருக்கென்று தனியாக வைத்திருக்கும் தட்டில். முப்பத்தெட்டு வயது ஆளை வீட்டில் எல்லோரும் 'மயிலா' என்பார்கள். ஒன்பதாவது படிக்கும் சித்தப்பா மகள்கூட. நான் மட்டும் அண்ணா என்பேன். அப்பாவுக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

தண்ணீர் பீய்ச்சும் நாசிலில் அடைப்பு. எடுக்கும்போது கன்னின் விசை அமுங்கிவிட்டது. தண்ணீர் அவருடைய இடதுகை ஆள்காட்டி விரல் நுனியில் பட்டது. காயம் என்றே சொல்ல முடியாது. ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். "ஒண்ணுமில்லீங்க, மரத்தாப்ல இருக்குது, அவ்வளவுதான்" என்றார். மருந்துக்கடையில் ஒரு டி.டி. ஊசி போட்டு அனுப்பினோம்.

அம்மா ஓடிவந்து முதலில் கேட்டது, "மெஷின்ல ரத்தம் பட்டுச்சா?" விரலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நல்ல காரியம் நடக்கற வூட்ல ரத்தம் பாத்த சாமான் வேண்டாஞ் சாமி. வேற வாங்கிரு."

இதற்குப் பெயர் பக்தியாம். ரத்தம் யாருடையது என்பது முக்கியமில்லை, எதன்மேல் பட்டது என்பதுதான் முக்கியம். நன்றாக ஓடும் மெஷினை மாற்றச் சொல்கிறாள், அப்பாவும் உடனே தலையாட்டுகிறார். வீட்டில் பி.இ. மெக்கானிக்கல் படித்து, பெங்களூரில் வேலை போய், சும்மா உட்கார்ந்திருப்பவன் நான் என்பதால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில்.

மதியம் முழுக்க செல்போனில் மெஷின்களைப் பார்த்தேன். நான்கைந்து கம்பெனிகளின் கையேடுகளை இறக்கிப் படித்தேன். பாதிப் பக்கம் எச்சரிக்கை. கேஸ் வராமல் தப்பிக்கக் கம்பெனிக்காரன் எழுதுகிற பயமுறுத்தல்.

நவம்பர் 17, திங்கள்

கோயம்புத்தூர் போனேன். நான்கு கடைகள். எல்லாக் கடையிலும் ஒரே சீன மெஷின்தான், மேலே ஒட்டியிருக்கும் பெயர்தான் வேறு. மூன்றாவது கடைப் பையன் மட்டும் கொஞ்சம் விஷயம் தெரிந்தவன்.

"வீட்டுக்குங்களா, வாட்டர் சர்வீஸ் போடறதுக்குங்களா?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்கு எதுக்குங் சார் பெட்ரோலு? கரண்டுல கைக்கு அடக்கமா இருக்குது. அம்மாவே தூக்கீட்டுப் போயிருவாங்க."

"இருபது சென்ட் காம்பவுண்டு. ஒயர் எட்டாது. மழை வந்தா கரண்டும் இருக்காது."

"அப்ப இதப் பாருங்க. எரநூறு பாரு. பெயின்ட்டே உரிஞ்சு வந்துரும்."

"பெயின்ட் உரிய வேண்டாம். பாசி போனாப் போதும்."

"பக்கத்து வூட்டுப் பாசியும் சேத்துப் போயிருமுங்."

இருநூறு பார் அழுத்தம் வீட்டுக்கு அதிகம். நூற்றைம்பது போதும். பம்ப் தலை பித்தளையாக இருக்கவேண்டும், அலுமினியம் என்றால் எங்கள் உப்புத் தண்ணீருக்கு இரண்டு வருடம் தாங்காது. ஹோஸ் பதினைந்து மீட்டராவது வேண்டும். இதையெல்லாம் நான் கேட்கக் கேட்க அவனுக்கு மரியாதை கூடியது. எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

"பழச எக்ஸ்சேஞ்சுல போடறீங்களா? என்னங் சார் அதுல கம்ப்ளைன்டு?"

"கம்ப்ளைன்ட் இல்ல. ஓடுது."

"ஓடற மெஷின ஏனுங் மாத்தறீங்க?"

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றேன். சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "மயிலான் பதனோரு மணிக்கே போயிட்டான். வெரலு வீங்கிப் பூவன்பழமாட்ட இருக்குது. ஒரு வெரலுக்கு ஒரு நாள் லீவு."

நவம்பர் 18, செவ்வாய்

மழை. மயிலண்ணன் களத்துக்கு வரவில்லை. கொல்லைக் குழாயில் இருபது லிட்டர் வாளி நிறைய ஒரு நிமிடம் நாற்பது விநாடி. நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர். நூற்றைம்பது பார் மெஷினுக்குத் தாராளம்.

நவம்பர் 19, புதன்

காலையில் கேட்டுக்கு வெளியே ஈஸ்வரி அக்கா நின்றிருந்தார். மயிலண்ணனின் மனைவி. உள்ளே வரவில்லை. "வெரலு கறுத்துப் போச்சுங்க. ராத்திரியெல்லாம் கத்தறாருங்க" என்றார். அப்பா டிபன் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கு வெளியேதான் நின்றார்.

நான்தான் காரை எடுத்தேன். அம்மா பின்னால் ஓடிவந்து சீட்டில் உரச் சாக்கின் பிளாஸ்டிக் தாளை விரித்தாள். "புண்ணு வடிஞ்சா கறையாயிரும்" என்றாள். கறை மட்டும்தான் காரணம் என்றால் எங்கள் மாமா கால் உடைந்து ரத்தத்தோடு இதே சீட்டில் படுத்து வந்தபோது ஏன் தாள் விரிக்கவில்லை? இதைக் கேட்க நினைத்தேன். நேரமாகிவிட்டது.

திருப்பூரில் தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்ப நடந்தது?"

"ஞாயித்துக்கிழமை காலைல."

"இன்னைக்குப் புதன். மூணு நாளா என்ன பண்ணீட்டு இருந்தீங்க? வெளிய ஒரு புள்ளிதான் தெரியும். உள்ள போன தண்ணி விரலுக்குள்ளயே வழி பண்ணிக்கிட்டு உள்ளங்கை வரைக்கும் போயிருக்கு. அன்னைக்குச் சாயந்தரம் கொண்டு வந்திருந்தாக்கூட கிழிச்சுக் கழுவியிருப்பேன்."

"தெரியாதுங்க டாக்டர்" என்றேன்.

"எப்படி ஆச்சு? யார் கன்னைப் பிடிச்சிருந்தது?" பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

சுவரில் கை எலும்புகளின் படம் ஒன்று மாட்டியிருந்தது. "நானேதான் தெரியாம அமுக்கிட்டனுங்க" என்றார் மயிலண்ணன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

தெரியாது என்று சொன்னது பொய். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மூன்றாவது கையேட்டைப் படித்தபோது எட்டாம் பக்கத்தில் படத்தோடு இருந்தது. தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும், பார்க்கச் சின்னக் காயமாக இருக்கும், சாதாரணமாக நினைக்காதீர்கள், உடனே அறுவை மருத்துவரிடம் போங்கள். இரண்டு முறை படித்தேன். கார் ஷெட்டில்தான் நின்றது. மயிலண்ணன் இருக்கும் காலனி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆனால் வலி இல்லை என்றுதானே சொன்னார். திடீரென்று போய் நின்று ஆஸ்பத்திரி என்றால் எல்லோரும் எப்படி ஆனது என்று கேட்பார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த மெஷினின் கையேட்டைத் திறந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். உள்ளங்கையைக் கிழித்து வைத்திருக்கிறார்கள். நடுவிரல் இனி மடங்குமா என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியுமாம்.

ஆஸ்பத்திரிச் செலவு அப்பாவுடையது. இன்று மட்டும் நான்கு சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு அதைச் சொன்னார். "நம்மகிட்ட வேல செய்யறவன நாமதான பாக்கோணும்?" நான்கு முறையும் அதே வார்த்தை, அதே இடத்தில் அதே பெருமூச்சு.

நவம்பர் 21, வெள்ளி

மெஷின் வாங்கியாயிற்று. நூற்றைம்பது பார், பித்தளைத் தலை, பதினைந்து மீட்டர் ஹோஸ், ஐந்து நாசில். மூன்றாவது கடையில்தான் எடுத்தேன். கடைப் பையன் கன்னைக் காட்டி, "இதுல சேஃப்டி லாக் இருக்குதுங் சார், தெரியாம அமுங்காது" என்றான். பழைய கன்னிலும் லாக் இருந்தது. போட்டால்தான் லாக்.

டிக்கியில் மெஷினோடு ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தேன். மயிலண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். ஈஸ்வரி அக்கா எழுந்து நின்றார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. பக்கத்தில் அக்காவின் தம்பி முருகவேல் இருந்தான். பனியன் கம்பெனியில் வேலை, யூனியனில் இருக்கிறானாம். நோட்டில் என் பெயரையும் அப்பா பெயரையும் எழுதிக்கொண்டான். எழுதட்டும். ஒவ்வொரு தொழிலாளியும் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் கார் ஓட்ட முடியாது. மே தினத்தன்று ஃபேஸ்புக்கில் இதையே எழுதியிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு லைக்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எனக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"தரணி, அந்தப் பழைய மெஷின மயிலானுக்கே குடுத்தர்லாம்னு பாக்கறேன். இனி அவன் காய் உரிக்க முடியாது. வாட்டர் சர்வீஸ் போட்டுப் பொழச்சுக்கட்டும்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கப்பனுக்கு எளகுன மனசு. அந்தச் சனியனும் வூட்ட உட்டுப் போன மாதிரி இருக்கும்."

"சும்மா குடுத்தா அவனுக்கும் மருவாதி இல்ல. வித்தாப்ல ஒரு ரசீது அடிச்சிரு. நூறு ரூவா போடு. தேதி நவம்பர் ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டு."

"அடிபட்டது பதினாறுப்பா."

"எனக்குத் தெரியாதா? மயிலானோட மச்சினன் லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கறானாமா. குடுக்கட்டும். அவம் மெஷின்ல அவன் வெரல உட்டுக்கிட்டான். நாம ஆஸ்பத்திரிச் செலவு பண்ணிக் காப்பாத்துனோம். அவ்வளவுதான் நடந்தது." காப்பியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "நடந்தது வேற மாதிரீன்னா, யார் யாரு எங்கெங்க நின்னாங்கன்னு கேப்பாங்க. கல்யாணத்த வெச்சுக்கிட்டு உனக்கு அது தேவையா?"

அவர் அன்று வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

இந்த மனுசனை என்னவென்று எழுதுவது? ஒருவனின் விரலையும் எடுத்து, விரலை எடுத்த மெஷினையும் அவன் தலையில் கட்டி, அதற்குத் தர்மம் என்று பெயரும் வைக்கிறார். ஊர்க் கோயில் கல்வெட்டில் இவர் பெயர் இருக்கிறது. இந்த வர்க்கமே இப்படித்தான். கையில் ரத்தம் படாமல் கழுத்தை அறுக்கத் தெரிந்தவர்கள்.

ரசீதை இரண்டு பிரதி எடுத்தேன். எழுத்து சின்னதாக இருந்தது என்று அப்பா சொன்னார். பெரிதாக்கி மறுபடி எடுத்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

மயிலண்ணன் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று டெம்போவில் மெஷினை ஏற்றிக்கொண்டு காலனிக்குப் போனேன். ஓர் அறை, முன்னால் ஓட்டுச் சாய்ப்பு. கையில் பெரிய கட்டோடு கட்டிலில் இருந்தார். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"எதுக்குங்க கையெழுத்து?"

"மெஷினை உங்களுக்குக் குடுத்ததுக்கு" என்றேன்.

வலது கையால் மெதுவாகப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. நான் கொடுத்த இடத்தில் போட்டார்.

ஈஸ்வரி அக்கா மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இத எங்கீங்க வெக்கறது? நாங்க படுக்கறதா, இது படுக்கறதா?"

"வாட்டர் சர்வீஸ் வெக்கலாம்னு அப்பா சொன்னாரு."

"எங்களுக்கு வாரத்துக்கு ஒருக்காத்தானுங்க தண்ணி வருது. நாலு கொடம். இத வெச்சு எதைங்க கழுவறது?"

மயிலண்ணன் "சும்மா இரு புள்ள" என்றார். சாய்ப்பு ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 27, வியாழன்

வேறு ஆள் இல்லாததால் நானே கழுவினேன். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. மெஷின் நன்றாக இருக்கிறது. பாசி கறுப்பாகச் சுருண்டு போகிறது, அடியில் தளம் புதிதுபோல வெளுக்கிறது. அகல நாசிலில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஒரே கோடாகப் பீய்ச்சும் சிவப்பு நாசில் போட்டால் சீக்கிரம் முடியும். போடவில்லை.

அன்று போட்டிருந்தேன். பதினொரு மணிக்குப் பெண் போனில் பேசுவதாக இருந்தது. இரண்டு வீட்டிலும் அனுமதி கொடுத்த முதல் போன். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சிவப்பு நாசிலை நான்தான் மாட்டினேன். மண் அடைத்துக்கொண்டது. கன் என் கையில். நாசில் பக்கம் மயிலண்ணன் குனிந்து ஊக்கால் குத்திக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி கயிறு இழுக்க வேண்டும், நாலு இழுவைக்குத்தான் பிடிக்கும்.

"லாக் போட்டுட்டீங்களா சின்னவரே?"

"ம்."

பத்து ஐம்பத்தைந்து. "ஆச்சா?"

"ஒரு நிமிசமுங்க, இன்னம் மண்ணு இருக்குது."

"டேய் மயிலா, சீக்கிரம்டா" என்றேன். அடைப்பு போய்விட்டதா என்று பார்க்க அமுக்கினேன்.

அவர் கத்தவில்லை. கையை உதறி, விரலைப் பார்த்து, "போயிருச்சுங்க அடைப்பு" என்றார்.

பதினொரு மணிக்கு அவளோடு பேசினேன். இருபது நிமிடம். என்ன பிடிக்கும் என்று கேட்டாள். பொய் சொல்லாமல் வாழ்வது பிடிக்கும் என்று சொன்னேன்.

நவம்பர் 30, ஞாயிறு

முப்பத்து நான்கு பேர். சாப்பாடு பற்றாக்குறை இல்லை.

பெண்ணின் பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு காம்பவுண்டில் நடந்து பார்த்தார். "தளம் கண்ணாடியாட்ட இருக்குதே! யாரு கழுவுனது?"

"தம்பிதாங்க. ஒத்தையா நின்னு கழுவுனான்" என்றார் அப்பா. "வேலைக்காரன எதிர்பாத்து உக்கார்ற ஆளில்ல நம்ம தரணி."

"இந்தக் காலத்துல இப்படிப் பையனா!" என்று என் தோளில் தட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கப்படுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பேசி முடித்துவிட்டார்கள். தையில் கல்யாணம்.

டிசம்பர் 4, வியாழன்

இன்று போய்ச் சொல்லிவிட்டேன்.

ஈஸ்வரி அக்கா இல்லை. மயிலண்ணனுக்குப் பதிலாக எங்கள் களத்தில் மட்டை சுமக்கப் போகிறாராம். எனக்கே தெரியாது. மெஷினைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள், மேலே ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. மயிலண்ணன் கட்டிலில் உட்கார்ந்து வலது கையால் இடது கையைப் பிடித்து, நடுவிரலை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மடங்கவில்லை.

"மயிலண்ணா, அன்னைக்கு நான்தான் அமுக்கினேன்."

"தெரியுமுங்க."

நான் எதிர்பார்க்கவில்லை.

"வெரலு என்னோடது, கன்னு உங்க கைல. அப்பறம் யாருங்க அமுக்குவா?"

"டாக்டர்கிட்ட நீங்களே அமுக்கினதாச் சொன்னீங்களே."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க. நீங்க சொவத்துல இருந்த படத்தப் பாத்துட்டு இருந்தீங்க. டாக்டரு பேனாவ வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு. யாராச்சும் ஒருத்தர் சொல்லோணுமுங்களே."

என்னை மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்தேன். நல்ல கையைத்தான். மெதுவாக உருவிக்கொண்டார்.

"அதுல எனக்கென்னங்க ஆவுது? நீங்க அழுதுட்டுப் போனா உங்களுக்குச் செரியாப் போயிரும். எனக்கு அழுது முடிஞ்சாலும் வெரலு நாலுதான்." பிறகு சொன்னார்: "பன்னண்டாந் தேதி லேபர் ஆபீஸ்ல கூப்புட்டிருக்காங்க. மெஷினு ரெண்டாந் தேதியே என்னோடதாயிருச்சுன்னு உங்கப்பா ஆடிட்டர உட்டு அங்க ரசீது குடுத்துட்டாராமா. எங் கையெழுத்தும் இருக்குது. முருகவேலு தலைல அடிச்சுக்கறான், படிக்காமயா போட்டேன்னு. சின்னவர் குடுத்தாருன்னு போட்டேன்னு சொன்னேன்."

நான் மெஷின்மேல் இருந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ரசீத அடிச்சது யாருங்க, ஆடிட்டருங்களா?"

"ஆமா" என்றேன்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க. மெஷினு எங்குளுது, எங்க வூட்டு வேலைலதான் அடிபட்டுதுன்னு. யாரு அமுக்குனாங்கன்னுகூட வேண்டாம், அது நமக்குள்ள இருக்கட்டும். வர முடியாட்டி நாலு வரி எழுதிக் குடுங்க. நட்டஈடு வந்தா ஒரு பொட்டிக் கடையாச்சும் வெச்சுக்குவேன்."

"வர்றேன். கண்டிப்பா வர்றேன்."

"ஈஸ்வரிகிட்டச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் உடம்பு லேசாக இருந்தது. பத்துப் பதினைந்து நாளுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

நான்கு வரி எழுத உட்கார்ந்தேன். தேதி, மெஷின் யாருடையது, யார் வீட்டு வேலை, என் கையெழுத்து. இந்த நோட்டில் பக்கம் பக்கமாக வருகிறது. வெள்ளைத் தாளில் தேதிக்கு மேல் வரவில்லை. நேரில் சொல்வதுதான் இன்னும் வலுவாக இருக்கும். நேரிலேயே போய்விடுவது.

டிசம்பர் 9, செவ்வாய்

முகூர்த்தப் புடவை எடுக்க நாள் குறித்துவிட்டார் அப்பா. மார்கழிக்கு முன்னால் எடுத்தாக வேண்டுமாம். வெள்ளிக்கிழமை. பன்னிரண்டாம் தேதி. மாப்பிள்ளை கட்டாயம் வரவேண்டும் என்று பெண் வீட்டார் ஆசைப்படுகிறார்களாம்.

"வேற நாள் வெக்கலாமேப்பா."

"உனக்கு அன்னைக்கு என்ன வேலை?" என்றார் அப்பா. என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சொல்வதற்கு இடம் கொடுத்துக் காத்திருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும்.

ஒன்றுமில்லை என்றேன்.

டிசம்பர் 12, வெள்ளி

கோயம்புத்தூரில் ஜவுளிக்கடை. மூன்றாவது மாடி. இரண்டு குடும்பமும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்க, புடவைகள் மலையாகக் குவிந்தன.

பதினொன்றே காலுக்கு மயிலண்ணன் போன் செய்தார். முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை பெண்ணே "எடுங்க, ஏதாவது அவசரமா இருக்கும்" என்றாள்.

"சின்னவருங்களா? ஆபீசர் முன்னாடிதாங்க நிக்கறேன். போன ஸ்பீக்கர்ல போட்டிருக்குது. அவரே கேக்கறாருங்க, சொல்லிருங்க."

ஓர் ஆணின் குரல், கொஞ்சம் சலிப்பாக: "தரணிதரனுங்களா? நவம்பர் பதினாறாம் தேதி அந்த மெஷின் யாரோடது?"

அப்பா ஒரு புடவையின் முந்தானையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. தூக்கிய முந்தானையை இறக்கவுமில்லை.

"ரசீது இருக்குதுங்களே சார்" என்றேன்.

"ரசீது என் கைலதான் இருக்குது. நீங்க சொல்லுங்க."

"அதுல இருக்கறபடிதான் சார்."

அந்தப் பக்கம் ஏதோ நாற்காலி நகர்ந்தது. "என்ன சொன்னாரு? என்ன சொல்றாரு அவுரு?" என்று ஈஸ்வரி அக்காவின் குரல் கேட்டது. யாரோ ஸ்பீக்கரை அணைத்தார்கள். இனி திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கடைல இருக்கறீங்களாட்ட இருக்குது" என்றார் மயிலண்ணன். "செரிங்க. நல்லதாப் பாத்து எடுங்க."

வைத்துவிட்டார்.

அம்மா மூன்று புடவைகளை விரித்து வைத்து, எது என்று கேட்டாள். பச்சை என்றேன். "இதுல பச்சை எங்கடா இருக்குது?" என்றாள். பெண்ணின் பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். மாப்பிள்ளைக்குக் கண் புடவையிலேயே இல்லை என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.